நீல மையில் பன்னிரண்டு

ஜனவரி 3, புதன்

இடது கண்ணில் புரை நீக்கிவிட்டார்கள். இருபது நிமிட வேலைதான். அதற்கு நான் மூன்று இரவுகள் தூங்காமல் இருந்தேன்.

சொட்டு மருந்து: வெள்ளை மூடி ஆறு வேளை, ரோஸ் மூடி நான்கு வேளை. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிட இடைவெளி. கட்டம் போட்டு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் மனைவி சலோமி பார்த்துவிட்டு, "ஊத்துறது நானு. அட்டவண ஒங்களுக்கா எனக்கா?" என்றாள். இரண்டு பேருக்கும்தான் என்றேன். ஒரு வாரம் படிக்கவும் எழுதவும் கூடாதென்று டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. நல்லவேளை.

ஜனவரி 5, வெள்ளி

தலைக்குக் குளிக்கக் கூடாது. குனியக் கூடாது. தும்மக்கூட யோசனையாக இருக்கிறது.

ஜனவரி 6, சனி

ஜெசிந்தா வந்திருந்தாள். ஸ்தேவான் அருளப்பனின் மகள். அப்பாவைப் போலவே செலோ வாசிக்கிறாள், தரையில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் அந்தப் பெரிய வாத்தியம். கல்லூரியில் இசை கற்பிக்கிறாள். அருளப்பன் இறந்து ஐந்து வருடமாகிறது. அவர் எழுதிய கன்செர்ட்டோவை இந்த 27-ஆம் தேதி வேப்பேரியில் மறுபடி அரங்கேற்றுகிறாளாம். செலோ தனித்து நிற்க, இருபத்தாறு பேர் கூட வாசிக்கும் மூன்று பகுதிப் படைப்பு அது. அவர் எழுதிய பெரிய படைப்பு அது ஒன்றுதான். 1985-இல் ஒரே ஒரு முறை வாசிக்கப்பட்டது. கச்சேரியோடு, எல்லா வாத்தியங்களுக்கும் உரியதைச் சேர்த்து எழுதிய ஸ்கோரையும் அச்சிட்டுப் புத்தகமாக வெளியிடுகிறார்களாம்.

"வேதம் அங்கிள், அப்பாவப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. புத்தகத்துல முதல் பக்கம். நீங்கதான் கூடவே இருந்தவங்க."

எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மறுக்கவும் எனக்கு வராது.

பிறகு ஒரு பழைய அட்டைப் பெட்டியைத் திறந்தாள். அன்றைக்கு வாசித்த பார்ட்டுகள், அதாவது ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அவரவர் வாசிக்க வேண்டியதைத் தனியே பிரித்து எழுதிய தாள்கள். பதினான்கும் என் கையெழுத்து. நான் வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா வாசித்தவன். ஆனால் என்னை எல்லோரும் கூப்பிட்டது கையெழுத்துக்காகத்தான்.

"இரண்டாம் பகுதியில ஒரு சந்தேகம். செலோ மட்டும் வாசிக்கும்போது மத்தவங்க எத்தன பார் சும்மா இருக்கணும்? எல்லாப் பார்ட்லயும் பதினொண்ண அடிச்சுப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. ஆனா அப்பாவோட ஸ்கோர்ல பதினொண்ணுதான். அந்த இடத்துல காஞ்ச பசை மாதிரி ஒரு தடம்."

நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டத்தை நாங்கள் பார் என்போம். ஒரு பார் என்பது மூன்று, நான்கு நொடிதான்.

கச்சேரிக்கு முந்தின நாள் அப்பா ஒரு பார் சேர்த்தார், ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்கோரில் ஒட்டினோம், பிறகு அவரே கிழித்திருப்பார் என்று சொன்னேன்.

"அவரே சேத்துட்டு மேடையில அவரே மறந்துட்டாராமே?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அப்போ எது சரி? பன்னெண்டா, பதினொண்ணா?"

"அப்பா கடைசியா என்ன செஞ்சாரோ அதுதான் சரி."

அவள் தலையாட்டினாள். அவர் கிழித்துவிட்டதால் அந்த பாரை எடுத்துவிடப் போகிறாள். 20-ஆம் தேதி மாலை அச்சுக்குப் போகிறதாம்.

கிளம்பும்போது கேட்டாள்: "அங்கிள், எல்லாத்துலயும் செவப்பு பென்சில்ல திருத்தியிருக்கு. வியோலாவுல மட்டும் நீல மை. ஏன்?"

"பென்சில் தீர்ந்து போயிருக்கும்மா."

பெட்டியை என்னிடமே விட்டுப் போனாள். ரோஸ் மூடி மருந்து நாற்பது நிமிடம் தாமதம்.

ஜனவரி 9, செவ்வாய்

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு:

"ஸ்தேவான் அருளப்பன் 1940-இல் திருச்சியில் பிறந்தார். குருமடத்தில் ஒரு பாதிரியார் விட்டுச் சென்ற செலோவைப் பதினோரு வயதில் தொட்டார். 1961-இல் சென்னைக்கு வந்தார். காலை ஏழு மணிக்குக் கோயில் பாடகர் குழுவுக்கு இசை நடத்துவார். பத்து மணிக்குக் கோடம்பாக்கத்தில் சினிமாப் பாட்டு. மாலையில் நால்வர் குழுவில் மேல்நாட்டுச் செவ்விசை. ஒரு மார்கழியில் கர்நாடகப் பாடகர் ஒருவருக்கு செலோவில் பக்கவாத்தியம் வாசித்தார். சுதி சேர்ப்பதற்காகத் தந்திகளை மாற்றிக் கட்டினார். வானொலி நாடகங்களுக்கு இசை எழுதினார். பற்பசை விளம்பரத்துக்கும் எழுதினார். எதையும் மட்டமாக நினைக்கவில்லை."

இதுவரை பிழையில்லை. அடுத்த வரி: "1985-க்குப் பிறகு அவர் பெரிதாக எதுவும் எழுதவில்லை."

பேனாவை மூடிவிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

இடது கண்ணால் பார்க்க அனுமதி கிடைத்தது. வெள்ளைச் சுவர் வெள்ளையாக இருக்கிறது. வலது கண்ணை மட்டும் திறந்தால் அதே சுவர் டீ கொட்டிய துணி போலிருக்கிறது. இத்தனை வருடமும் உலகத்தை இந்த நிறத்தில்தான் பார்த்தேனா?

பெட்டியைத் திறந்து வியோலா பார்ட்டை எடுத்தேன். வலது கண்ணுக்கு அந்த எண் மற்ற எழுத்துகளைப் போலத்தான் தெரிந்தது. இடது கண்ணுக்கு அந்த நீலம் அடித்துக்கொண்டு வந்தது. மற்ற பதிமூன்றிலும் 11-ஐக் கோடு போட்டு அடித்து மேலே 12 என்று எழுதியிருக்கிறேன். இதில் மட்டும் அடித்தல் இல்லை. இரண்டாவது 1-ஐயே 2-ஆக வளைத்திருக்கிறது.

கணக்கில் பி.எஸ்சி. படித்தவன் நான். ஒன்றை இரண்டாக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால் சொல்வேன்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். குனியக் கூடாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். எதிர்வீட்டு அம்மாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். சர்க்கரை 212.

ஜனவரி 17, புதன்

ஒத்திகைக்கு ஜெசிந்தா ஆட்டோ அனுப்பியிருந்தாள். ஹாலில் எல்லாம் இளம் பிள்ளைகள். வயலின் பஞ்சாபகேசனும் வந்திருந்தார். எண்பது ஆகிறது. 1985-இல் முதல் வயலின் அவர்தான். கறுப்புக் கண்ணாடியோடு என்னைப் பார்த்ததும், "ஓய் வேதம், என்னய்யா இது, ஹீரோ சான்ஸ் கேட்டு வந்திருக்கீரா?" என்றார்.

இரண்டாம் பகுதி வந்தது. செலோ மட்டும் பேசுகிற இடம். பதினொன்று எண்ணினார்கள், வியோலா நுழைந்தது. அழகாகத்தான் இருந்தது. எதுவும் குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டீ நேரத்தில் பஞ்சு பிள்ளைகளிடம் தன் பழைய கதையை ஆரம்பித்தார். "இதே எடம்தான். மனுஷன் முந்தின நாள் வந்து, ஒரு பார் சேக்கணும்னார். சேத்தோம். மேடையில என்ன ஆச்சு தெரியுமோ? எல்லாரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்! அவர் போட்ட பாரை அவரே மறந்துட்டார். பத்திரிகை அடிச்சுட்டு மாப்பிள்ளையே மண்டபத்துக்கு வழி மறந்த கதை!"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு வில்லில் தேய்க்கும் ரெசின் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அதுக்கப்புறம் அப்பா எல்லாத்தையும் எண்ண ஆரம்பிச்சிட்டார். மாடிப்படி ஏறும்போது எண்ணுவார். அம்மா இட்லி வெக்கும்போது எண்ணுவார். ரெக்கார்டிங்ல கால் கட்டவிரல்ல எண்ணுறார்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்களாம். சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிகூட ஃபேனப் பாத்து எண்ணிக்கிட்டிருந்தார். என்னப்பா எண்ணுறீங்கன்னா, 'சரியா வருதான்னு பாக்கறேன்'ங்கறார்."

டீ ஆறிவிட்டது. பஞ்சு என் தோளில் தட்டி, "வேதத்தக் கேளுங்கோ, பக்கத்துலயே இருந்தார்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் சொன்னேன்.

ஜனவரி 18, வியாழன்

போனை எடுத்தேன். வைத்தேன். மதியமும் அப்படியே.

ஜனவரி 19, வெள்ளி

நாளை மாலை அச்சுக்குப் போகிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். எழுதினால் சொல்ல வருமோ என்னவோ.

1985 செப்டம்பர் 13, வெள்ளி. கடைசி ஒத்திகை மதியம் முடிந்தது. அருளப்பன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பதினோராவது பார்ல செலோ பேசி முடிச்சிருது. ஒடனே வியோலா வந்துருது. தப்பு வேதம். பேசி முடிச்சவன் ஒடனே எந்திரிச்சுப் போறதில்ல. கொஞ்சம் உக்காந்திருப்பான். அதுக்கு ஒரு பார் வேணும்" என்றார். துண்டுத் தாளில் எழுதினார். ஒரே சுரம், டி, நான்கு எண்ணிக்கை. அதன் மேல் தமிழில் ஒரு சொல்: "தேய்ந்து". நான் பசை தடவி ஒட்டினேன். ஹாலிலேயே உட்கார்ந்து பதிமூன்று பார்ட்டுகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்தினேன்.

வியோலா பார்ட் என் வாத்தியப் பெட்டிக்குள் இருந்தது. என்னுடையதுதானே, வீட்டில் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

மறதிதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு நானும் ஒரு சிறிய படைப்பு எழுதி அவரிடம் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "என்ன கையெழுத்து வேதம்!" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனதில் கெட்ட எண்ணமில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. ஏன் இதை இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

14, சனி. அரங்கு நிறைந்திருந்தது. படைப்பைக் கல்கத்தாவுக்கு எடுத்துப் போவதாகச் சொன்ன ஒருவர் முன்வரிசையில் இருந்தார். வியோலாவில் நானும் காலஞ்சென்ற தாமஸும் மட்டும். ஒரே ஸ்டாண்ட், ஒரே பார்ட். வாத்தியக்காரன் மேடையில் தலையை நம்ப மாட்டான், தாளைத்தான் நம்புவான். தாளில் 11 என்று இருந்தது. பதினொன்று எண்ணி நுழைந்தேன். வாழ்க்கையில் எதிலும் முந்தாதவன் அன்று பலமாக வாசித்தேன். தாமஸ் என்னைப் பின்பற்றினார். எங்களைக் கேட்டு, தங்கள் எண்ணிக்கைதான் தப்பு என்று நினைத்து மற்றவர்களும் நுழைந்துவிட்டார்கள். அவர் அந்த டி சுரத்தில் தனியாக நின்றார். பிறகு எங்களைப் பிடிக்கத் தாவினார். தாவியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஆறேழு பார்கள் குழப்பம். கல்கத்தாக்காரர் கைகுலுக்காமல் போனார்.

பார்ட்டுகளைத் திரும்ப வாங்கி அடுக்குவது என் வேலை. திரைக்குப் பின்னால் நின்று அடுக்கினேன். சட்டைப் பையில் நீலப் பேனா இருந்தது.

15, ஞாயிறு. பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். கோட்டுகூடக் கழற்றவில்லை. "வேதம், வியோலா பார்ட்டக் கொஞ்சம் காட்டு" என்றார். காட்டினேன். 12 என்று இருந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோப்பா."

சலோமி காபி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். வாசல் படியில் இறங்கும்போது உதடு அசைந்தது. அவர் எண்ணுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ரெக்கார்டிங்குக்கு என்னைச் சிபாரிசு செய்தார். வீட்டு முன்பணம் கட்டியது அந்த வேலையில்தான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதன்பின் இன்னொரு முப்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது.

ஜனவரி 20, சனி

காலையில் சலோமி சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நான் எங்கும் போவதாகச் சொல்லவில்லை.

"பெட்டியக் குடுக்கப் போவணும்லா?" என்றாள். "அந்தக் கச்சேரிக்கப்புறம் மூணு நாளு நீங்க சாப்பிடல. நானும் கேக்கல. போயிட்டு வாங்க."

ஜெசிந்தாவின் வீடு கீழ்ப்பாக்கத்தில். மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. வியோலா பார்ட்டை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"பென்சில் தீரலம்மா. இத நான் கச்சேரி முடிஞ்ச பிறகுதான் திருத்தினேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. எண்ணின் மேல் விரலை வைத்தாள். பிறகு புரிந்தது. முகத்தில் அது எப்படி ஏறியது என்பதை இடது கண் தெளிவாகக் காட்டியது. இந்த அறுவைச் சிகிச்சையை இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என் நினைப்பு அப்படித்தான் போனது.

"அப்போ அப்பா எண்ணினது சரி."

"சரி."

"நீங்கதான் முன்னாடி வந்துட்டீங்க."

"ஆமாம்மா."

"அப்பா உங்ககிட்ட கேட்டாரா?"

"மறுநாளே வந்து கேட்டார். இதைத்தான் காட்டினேன்."

"பாத்துட்டு என்ன சொன்னார்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னேன். "சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேட்டார்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. நெடுநேரம் தண்ணீர் ஓடியது. வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

"ஐப்பசியில கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் வருவீங்க. பூ வெப்பீங்க. அவர் இருக்கும்போது ஒரு நாள்… ஒரே ஒரு நாள் இதச் சொல்லியிருக்கலாமே அங்கிள். ஒரு நிமிஷம் ஆயிருக்குமா?"

மேசையில் கிடந்த பார்ட்டை நேராக்கி வைத்தேன்.

"அந்த பார்ல என்ன இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். டி, நான்கு எண்ணிக்கை. மேலே "தேய்ந்து". எழுத்துக் கோணலாக வந்தது. பேசி முடிச்சவன் கொஞ்சம் உக்காந்திருப்பான் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"பன்னெண்டு பாரும் இருக்கும். அப்பாவப் பத்தின குறிப்புல 1985-ல என்ன நடந்துச்சுன்னும் இருக்கணும். நீங்களே எழுதுங்க. உங்க பேரோட. அஞ்சு மணிக்குள்ள."

"சரிம்மா."

"கச்சேரிக்கு வாங்கன்னு என்னால சொல்ல முடியல. வராதீங்கன்னும் சொல்லல."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நான்கு வரிதான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

ஜனவரி 22, திங்கள்

பஞ்சு போன் செய்தார். ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள். "ஓய், அந்த ஜோக்க நான் எத்தன ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! அவர் முன்னாடியே சொல்லியிருக்கேன்யா. அவரும் சிரிச்சார். என்னையும் கூட்டு சேத்துட்டீரே" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பிறகு, "கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஜனவரி 27, சனி

போனேன். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில். சலோமி கூட வந்தாள். புத்தகத்தின் முதல் பக்கத்தை எனக்கு முன் வரிசையில் இருந்தவர் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். என் பெயரின் மேல் அவர் விரல் இருந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

ஜெசிந்தா அப்பாவின் செலோவையே வாசித்தாள். இரண்டாம் பகுதி வந்ததும் மற்றவர்கள் வில்லை மடியில் இறக்கினார்கள். தொடையில் விரல் வைத்து எண்ணினேன். எட்டு. ஒன்பது. பத்து. பதினோராவதில் செலோ சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது. என் வலது கை தானாக எழும்பியது. நுழையும் இடம். சலோமி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள்.

பன்னிரண்டு. அந்த ஒரு சுரம். வில் நுனி வரை போய், மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தேய்ந்தது. அரங்கில் யாரும் இருமவில்லை. நான்கு எண்ணிக்கை, மூன்று நொடி, நான்கு நொடி. அதற்கு மேல் இல்லை. இதைத்தான் அவர் கேட்டிருந்தார்.

பிறகு வியோலா வந்தது. சரியான இடத்தில்.

கைதட்டி முடித்து எல்லோரும் எழுந்து போன பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. விளக்குகளை அணைக்க வந்தவர், "பெரியவரே, முடிஞ்சிருச்சு" என்றார்.

"தெரியும்" என்றேன். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போறோம்."